சும்மா இருக்கும் வரி

ஜூலை முதல் ஞாயிற்றுக்கு ஏழு வாரம் இருக்கும்போது டெல்ஃபா ஒரு பட்டியலோடு வந்து வெர்னாவின் சமையலறையில் உட்கார்ந்தாள். அந்த வருஷம் செத்துப்போனவர்களின் பட்டியல் அது. லிபர்டி ரிட்ஜ் சர்ச்சில் வருஷத்துக்கு ஒருமுறை நாள் முழுக்கப் பாடும் அந்த ஞாயிற்றில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு பெயராகப் படிப்பார்கள். பெயருக்கு ஒரு பாட்டு. டெல்ஃபாவின் அண்ணனும் வெர்னாவின் கணவனுமான ஹோய்ட் டிட்மோரின் பெயர் பட்டியலில் நான்காவதாக இருந்தது. பிப்ரவரியில் தபால்பெட்டி வரைக்கும் போன ஹோய்ட் திரும்பி வரவில்லை.

“எந்தப் பாட்டுன்னு சொல்லு. எழுதிக்கிட்டுக் கெளம்புறேன்” என்றாள் டெல்ஃபா.

“எதையாவது பாடுங்க.”

“எதையாவது பாடுறதுக்கா அம்பது வருஷம் அந்தப் பெஞ்சத் தேச்சான்?”

“எனக்கென்ன தெரியும். எனக்குத்தான் சுரம் படிக்கத் தெரியாதே.”

“ஆமா. முப்பத்தெட்டு வருஷமா இதையே சொல்லு. இந்த ரோட்டுல பூனைக்குட்டிகூட ஃபா சொல்லும்.”

வெர்னா காப்பியை ஊற்றிவைத்தாள். டெல்ஃபா அதைக் குடிக்காமலே போனாள்.

வெர்னா இந்தக் கூட்டத்தில் பிறந்தவள் இல்லை. மலைக்குக் கீழே, கிட்டாரும் கைத்தட்டலுமாகப் பாடும் சபையில் வளர்ந்தவள். அங்கே ஆவி இறங்கினால் பாட்டு தானாக வரும்; காகிதத்தைப் பார்த்துப் பாடுகிறவர்களைக் கேலி செய்வார்கள். டிட்மோர்கள் வேறு மாதிரி. காகிதத்தில் சுரத்துக்கு ஒரு வடிவம்: முக்கோணம் ஃபா, முட்டை ஸோல், சதுரம் லா, வைரம் மி என்று நடை பழகும்போதே படிக்கப் பழகியவர்கள். முன்பின் பார்க்காத பாட்டைக் கையில் கொடுத்தால் நான்கு குரலாகப் பிரிந்து உடனே பாடிவிடுவார்கள். முதலில் சுரம், பிறகு வார்த்தை. கல்யாணமான புதிதில் ஹோய்ட் அவளுக்கும் சொல்லிக்கொடுக்கப் பார்த்தான். “ஜியாமெட்ரி கிளாஸா நடத்துற?” என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடினான்.

மகள் ஜோனெல் நாலு வயதில் படித்துவிட்டாள். ஒன்பது வயதில் இடைக்குரலான ஆல்டோ பெஞ்சில் அத்தை டெல்ஃபாவுக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் நிரந்தரமாகிவிட்டது. காலைச் சாப்பாட்டில் அப்பாவும் மகளும் சுரத்திலேயே ஏதோ பேசிக்கொள்வார்கள். அவள் மூன்று சுரம் பாடுவாள். அவன் ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே இரண்டு சுரத்தில் பதில் சொல்வான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்ன அது என்று வெர்னா கேட்டால், “சொன்னா சிரிப்பு வராதும்மா” என்பாள் ஜோனெல். அது உண்மையாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் வெர்னா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் பிப்ரவரியில், மழை விட்ட ஒரு மத்தியானம், ஹார்மன் வளைவில் கார் உருண்டு ஜோனெல் செத்துப்போனாள். பதினேழு வயது.

புதைத்த மூன்றாவது ஞாயிறு ஹோய்ட் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பாடக் கிளம்பினான்.

“பாட வாய் வருதா உனக்கு?” என்று கேட்டாள் வெர்னா.

“வீட்ல உக்காந்து என்ன பண்ண?”

அழாத மனுஷன். மகளின் அறைப் பக்கம் போகாத மனுஷன். மின்கம்பத்தில் ஏறி வேலை பார்த்துவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டு, சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். ஏப்ரலில் ஒரு காலை, அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றான்.

“இது உனக்கு” என்றான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கோடுகள், சதுரங்கள், முக்கோணங்கள். அந்தக் காகிதத்தில் அன்றைக்கு அவள் கண்ணில் பட்டது மேலே எழுதியிருந்த இரண்டே வார்த்தைகள்: ஹார்மன் வளைவு.

“இது என்ன?”

“பாட்டு.”

“என் பிள்ள செத்த எடத்துக்குப் பாட்டு கட்டினியா?”

“பாட்டுக்கு ஊர்ப் பேருதான வைப்போம், வெர்னா. எல்லாப் பாட்டுக்கும் அப்படித்தான்.”

அது நிஜம். அவர்கள் பாட்டுப் புத்தகத்தில் கல்லறைப் பாட்டுக்கு ஒரு சந்தைக்கடை ஊரின் பெயர் இருக்கும். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு யாரோ மாடு வாங்கிய ஊரின் பெயர் இருக்கும். பெயருக்கும் பாட்டுக்கும் சம்பந்தம் இருக்காது. வெர்னாவுக்கு அதெல்லாம் அன்றைக்கு ஏறவில்லை.

“பாடிக் காட்டு” என்றாள்.

“ஒருத்தன் பாடி இது வராது. நாலு பக்கமும் வேணும்.” கொஞ்சம் தயங்கினான். “ஞாயித்துக்கெழம நீ வந்தீன்னா...”

“எனக்கு வேண்டாம். என் கண்ணுல படாம எடுத்து வை.”

அவன் எடுத்துவைக்கவில்லை. மேஜை மேலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனான். சாயங்காலம் அவள்தான் அதைக் குளிர்பெட்டியின் உத்தரவாதச் சீட்டும் பழைய விதைப் பொட்டலங்களும் கிடந்த இழுப்பறையில் போட்டாள். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் அந்த வீட்டில் கோழி, மழை, இரத்த அழுத்த மாத்திரை, கூரை ஒழுகல் என்று எல்லாவற்றையும் பேசினார்கள். ஜோனெல் பெயரை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை. வெர்னா அந்த சர்ச் வாசலையும் மிதிக்கவில்லை. இந்த மனுஷனுக்கு உள்ளே ஒன்றும் இல்லை என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அந்த முடிவோடு வாழப் பழகியும் இருந்தாள்.

டெல்ஃபா போன பிறகு இழுப்பறையைத் திறந்தாள். காகிதம் மஞ்சளாகி, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று மைலுக்குள் இருபது பேராவது இருந்தார்கள். பத்தொன்பது வருஷத்தில் யாரிடம் கொடுத்திருந்தாலும் ஐந்து நிமிஷத்தில் பாடிக் காட்டியிருப்பார்கள். தன்னைத் தடுத்தது படிக்கத் தெரியாதது இல்லை என்பதை வெர்னா அன்றைக்குத் தனக்குத் தானே ஒத்துக்கொண்டாள். ஆனால் இப்போதும் இன்னொருவர் வாயால் கேட்க மனம் வரவில்லை. ‘இது உனக்கு’ என்று சொல்லி அவன் கொடுத்தது. அவன் தனக்கு என்ன சொன்னான் என்பது தெரிய வேண்டும். தன் கண்ணாலேயே தெரிய வேண்டும்.

ஜூனில் சர்ச்சில் பத்து நாள் பாட்டுப் பள்ளி நடக்கும். பள்ளிக்கூட லீவில் பிள்ளைகளுக்காக நடத்துவது. அறுபத்து மூன்று வயது வெர்னா ஒரு புது நோட்டோடு போய் முன்பெஞ்சில் உட்கார்ந்தபோது, இருந்த பதினான்கு பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டார்கள்.

சொல்லிக்கொடுத்தவள் ட்ரெஸ்ஸா. பள்ளி பஸ் ஓட்டுகிறவள். பஸ்ஸில் எப்படிப் பேசுவாளோ அதே குரல்தான் இங்கேயும்.

“என்ன முழிச்சுப் பாக்குறீங்க? வெர்னா அத்த பாடம் கேக்க வந்திருக்காங்க. முன்னாடி திரும்புங்க.” வெர்னாவிடம் குனிந்து, “அத்தே, சிரிச்சாங்கன்னா சொல்லுங்க. பஸ்ஸவிட்டு எறக்கிடுறேன்” என்றாள்.

சிரிக்கத்தான் செய்தார்கள். முதல் நாள் வெர்னா சதுரத்தைப் பார்த்து ஃபா என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழு வயதுப் பெண், “அது லா. பெட்டி மாதிரி இருந்தா லா. எங்க தம்பிக்கே தெரியும், அவன் இன்னும் டயப்பர்ல இருக்கான்” என்றாள். மூன்றாம் நாள் ஏறுவதும் இறங்குவதும் கொஞ்சம் பிடிபட்டது. நான்காம் நாள் ட்ரெஸ்ஸா எல்லோரையும் கையை நீட்டித் தாளம் போடச் சொன்னாள். கை கீழே, கை மேலே. அதில் மட்டும் வெர்னாவைக் குறை சொல்ல முடியவில்லை. தாளம் அவள் வளர்ந்த சபையிலேயே உடம்பில் ஏறியிருந்தது.

ஆறாம் நாள் ட்ரெஸ்ஸா கரும்பலகையில் ஐந்து கோடு கிழித்துக் கட்டம் பிரித்தாள். ஒரு கட்டத்தில், மேலிருந்து இரண்டாவது கோட்டுக்கு அடியில், தொங்குகிற மாதிரி ஒரு சின்னக் கட்டை வரைந்து நிரப்பினாள்.

“இது வந்தா என்ன பண்ணணும்?”

“மூச்சு விடணும்” என்றான் ஒருவன்.

“மூச்சு எப்பவும் விடணும்டா, இல்லேன்னா நான் உங்கம்மாவுக்குப் பதில் சொல்லணும். இது வந்தா அந்தக் கட்டம் முழுக்க சும்மா இருக்கணும்.”

வெர்னா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டையை அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக இழுப்பறையில் கிடந்தது அது. ஹோய்ட்டின் காகிதத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக, குரலுக்கு ஒரு வரி என்று நான்கு வரி ஓடும். மூன்றில் முக்கோணமும் சதுரமும் ஈசல் மாதிரி மொய்த்திருக்கும். மேலிருந்து இரண்டாவது வரியில் மட்டும், கட்டத்துக்கு ஒன்றாக, இந்தக் கட்டை. ஏதோ ஓரக்கோலம், வரி பிரிக்கப் போட்ட அடையாளம் என்று நினைத்திருந்தாள்.

கையைத் தூக்கினாள். “சும்மா இருக்கத்தான? அத எதுக்கு எழுதணும்? வெறுமனே விட்டா என்ன?”

“வெறுமனே விட்டா எழுத மறந்துட்டாங்கன்னு நெனச்சுக்குவோம் அத்தே. கட்டை போட்டாத்தான், இங்க ஒரு ஆளு இருக்கு, பாடல, ஆனா எண்ணிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.”

“ஒரு பாட்டு முழுக்க ஒரே குரலுக்கு இதுவே இருந்தா?”

ட்ரெஸ்ஸா யோசித்தாள். “அப்ப அந்தக் குரலுக்கு வரியே வேண்டாமே. மூணு வரி போட்டா முடிஞ்சுது. மெனக்கெட்டு யாரு அப்படி எழுதுவாங்க?”

வீட்டுக்கு வந்து காகிதத்தை மேஜையில் விரித்து எண்ணினாள். முப்பத்திரண்டு கட்டை. ஒவ்வொன்றும் அளவெடுத்து வைத்த மாதிரி இருந்தது. பென்சிலால் வரைந்து மையால் நிரப்பியிருந்தான். வரியின் தொடக்கத்தில் சின்ன எழுத்தில் ஆல்டோ என்று இருந்தது. மெட்டு இருக்கும் மூன்றாவது வரியை விரலை வைத்துத் தடவித் தடவிப் படித்தாள். நாலு கட்டம் தாண்டுவதற்குள் மூன்று தடவை தப்பு வந்தது. மெட்டு பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. ஒரு படி ஏறி, இரண்டு படி இறங்கி, மறுபடி ஏறப் பார்க்கும் மெட்டு. படிப்பதை நிறுத்திவிட்டு இரண்டாவது வரியை மட்டும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். அதைப் படிக்க அவளுக்குக் கஷ்டமாக இல்லை. ஒரு தப்பும் வரவில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போகாமல் டெல்ஃபா வீட்டுக்குப் போனாள்.

டெல்ஃபா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்க்குள் முனகினாள். முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“நம்ம ஹோய்ட்டா எழுதினான்? சொல்லவேயில்ல பாரு திருட்டுப் பய. சுமாராத்தான் இருக்கு. நல்ல எடத்தையெல்லாம் தன்னோட அடிக்குரலுக்கே வச்சுக்கிட்டான், சுயநலம் புடிச்சவன்.” காகிதத்தைத் தள்ளிப் பிடித்தாள். “ஆல்டோ இன்னும் போடல. கட்டையப் போட்டு எடம் புடிச்சு வச்சிருக்கான். அது பரவால்ல, பழைய பாட்டுல பாதிக்குப் பின்னால வந்தவங்கதான் ஆல்டோ போட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள நான் எழுதிடுறேன்.”

“ஒண்ணும் எழுதாத.”

“ஆல்டோ பெஞ்சுல நாங்க பதினோரு பேரு இருக்கோம். பொம்மையாட்டம் உக்காந்திருக்கவா?”

“ஆமா.”

டெல்ஃபா அவளைப் பார்த்தாள். பிறகு காகிதத்தின் தலைப்பைப் பார்த்தாள். தலைப்புக்குப் பக்கத்தில் தேதி இருந்தது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். 

“ஜோனெல் போனதுக்கப்புறம் அவன் எடம் மாறி உக்காந்தான்” என்றாள். “அடிக்குரல் பெஞ்சுல, எங்க பக்கமா இருக்கிற மூலையிலதான எப்பவும் உக்காருவான். அதவிட்டுட்டு அந்தக் கோடிக்குப் போயிட்டான். என் தொணதொணப்புக்குப் பயந்து ஓடிட்டான்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சிருக்கேன்.”

வெர்னா கையை நீட்டிக் காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

“இத யார்கிட்ட காட்டினான்?”

“என்கிட்ட.”

“நீ என்ன சொன்ன?”

வெர்னா சொன்னாள். அன்றைக்குச் சொன்ன வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னாள்.

“எங்கிட்டக் கொண்டாந்திருக்கலாமே, வெர்னா. மூணு மைலு.”

“தெரியும்.”

“அவனாவது எங்கிட்டக் கொண்டாந்திருக்கலாம்.”

“அது எனக்கு எழுதினது” என்றாள் வெர்னா. “எனக்குப் புரியணும்னு எழுதியிருக்கான், டெல்ஃபா. மத்த மூணு வரியும் உங்களுக்கு. அந்த ஒரு வரிய, ஃபா தெரியாத ஆளுகூடப் படிச்சிடலாம். ஒரே ஒரு அடையாளந்தான். என்ன இதுன்னு நான் ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பான்.”

டெல்ஃபா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். சர்ச் ஆபீசில் நகல் எடுத்துவைப்பதாக மட்டும் சொன்னாள்.

ஜூலை முதல் ஞாயிறு, பத்தரை மணிக்கே சர்ச்சுக்குள் புழுங்கியது. பெஞ்சுகளை நான்கு பக்கமும் போட்டு நடுவில் சதுரமாக இடம் விட்டிருந்தார்கள். பாட்டை நடத்துகிறவர் அந்தச் சதுரத்தில் நின்று, மெட்டுக்குரல் பக்கம் பார்த்துத் தாளம் போட வேண்டும். ஹோய்ட்டின் பெயரைப் படித்ததும் வெர்னா எழுந்து போய் நின்றாள். இருபது வருஷத்துக்குக் கிட்டே பாட்டு ஞாயிறு பக்கமே வராதவள் நடுவில் போய் நின்றது சிலருக்குப் பிடிக்கவில்லை. விசிறிகள் வேகமாக ஆடின. மேல்குரல்காரர்கள் ஒரு பக்கம், அடிக்குரல்காரர்கள் எதிர்ப்பக்கம். முதுகுக்குப் பின்னால் ஆல்டோ பெஞ்சு.

“இதுல வார்த்த இல்லையே” என்றார் நகலைப் புரட்டிய ஒருவர்.

“எழுதல. சுரம் மட்டும் பாடுங்க” என்றாள்.

ஆரம்பச் சுரம் எடுத்துக் கொடுக்கிற பெரியவர் தொண்டையைச் செருமி எடுத்துக்கொடுத்தார். வெர்னா கையை உயர்த்தி இறக்கினாள்.

மூன்று பக்கத்திலிருந்தும் சத்தம் ஒரே நேரத்தில் வந்து மோதியது. இந்தக் கூட்டம் மெதுவாகப் பாடப் பழகியதில்லை. சர்ச் வாசலில் நின்று கேட்டது வேறு, நடுவில் நிற்பது வேறு. பலகைத் தரை வழியாகக் காலில் ஏறியது. சுமாரான மெட்டுதான். ஆனால் மேல்குரலுக்கும் அடிக்குரலுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தான். மெட்டு ஏறும்போதெல்லாம் அந்த இடத்தில் யாரோ பதில் சொல்ல வேண்டும் போலக் காது காத்திருந்தது. யாரும் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் பதினோரு பெண்கள் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, தாளத்துக்குக் கையை ஏற்றி இறக்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கைகள் அசையும் காற்றுகூட அவள் கழுத்தில் பட்டது. இதைத்தான் அவன் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நீட்டினான். ஞாயிற்றுக்கிழமை நீ வந்தால் என்று தொடங்கி நிறுத்தினான். வந்திருந்தால் இதே இடத்தில்தான் கூட்டிவந்து நிறுத்தியிருப்பான்.

முப்பத்திரண்டாவது கட்டம் முடிந்தது. எல்லோரும் ஒன்றாக நிறுத்தினார்கள். வெர்னாவின் கை நிற்கவில்லை. கீழே இறங்கி மேலே போனது. அந்தக் கூட்டத்தில் நடத்துகிறவர் கை சொல்வதுதான் சட்டம். மறுபடி பாடச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு முதலிலிருந்து பாடினார்கள். முடித்தார்கள். கை மறுபடி இறங்கியது. மூன்றாம் தடவை சில பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஆனாலும் பாடினார்கள். அடிக்குரல் பெஞ்சில் ஒருவர் காகிதத்தை மடித்துவிட்டார், அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. வெர்னாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் தடவை முடியும்போது அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவள் பாடவில்லை, எண்ணிக்கொண்டிருந்தாள்.

பின்னால் பெஞ்சு நகர்ந்த சத்தம் கேட்டது. டெல்ஃபா சதுரத்துக்குள் வந்து, ஐந்தாவது தடவைக்காக உயர்ந்த கையை மணிக்கட்டில் பிடித்தாள்.

“போதும், வெர்னா.”

“அவன் இன்னும் எண்ணிக்கிட்டு...” என்றாள் வெர்னா. 

“தெரியும். வா.”

யாரோ பட்டியலை எடுத்து ஐந்தாவது பெயரைப் படித்தார்கள். டெல்ஃபா அவளை ஆல்டோ பெஞ்சுக்கு நடத்திக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். கையை மட்டும் விடவில்லை. அந்தப் பிடிக்குள் வெர்னாவின் கை இறங்கி ஏறிக்கொண்டே இருந்தது.